தனியாளாகத் தொழில் செய்யும் சர்வேயருக்குக் கணினியும் கேட் மென்பொருளும்: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் சொந்தமாக நில அளவைத் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்பதுதான். அதைக் கடைசியாக முடிவு செய்யச் சொல்கிறேன். நிலத்துக்காரர் கையில் எந்தத் தாளைக் கொடுக்கப்போகிறீர்கள் என்பது முதலில் தெளிவாக வேண்டும். அதிலிருந்து கேட் (கணினியில் வரைபடம் வரையும்) மென்பொருள் தெரியும், மென்பொருளிலிருந்து கணினி தெரியும். இந்த வரிசையை மாற்றினால் கம்ப்யூட்டர் கேம் ஆடும் பிள்ளைகளுக்கான விலையுயர்ந்த லேப்டாப் ஒன்றும், எங்கிருந்தோ இறக்கிய திருட்டு ஆட்டோகேடும்தான் மிஞ்சும்.

டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) சொந்தமாகவோ வாடகைக்கோ இருக்கிறது, வசதிப்பட்டால் ஒரு ஆர்டிகே ரோவரும் (செயற்கைக்கோள் சிக்னலால் புள்ளியின் இடம் சொல்லும் கருவி) உண்டு, உடன் ஒரு உதவியாள், பட்டா நிலம் அளப்பதும் பாகம் பிரிப்பதும் மனைப்பிரிவு போடுவதும் காண்டூர் (சம உயரக் கோடு) எடுப்பதும் தொழில் என்று இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: உங்களிடமிருந்து வெளியே போவது என்ன?

கடந்த ஓராண்டில் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். புதியவர் என்றால் வேலை பழகிய இடத்தில் வந்தவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாருக்கு எந்த வடிவில் போனது என்று குறியுங்கள். நிலத்துக்காரருக்கு ஏ3 பிரிண்ட்டும் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பும் போயிருக்கும். என்ஜினியரும் ஆர்க்கிடெக்டும் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபடக் கோப்பு) கேட்டிருப்பார்கள். லேஅவுட் போடும் புரொமோட்டர் அதோடு கூகுள் எர்த்தில் திறக்கிற கேஎம்எல் கோப்பும் கேட்டிருப்பார். வக்கீலுக்கு நான்குமாலும் (நான்கு பக்க எல்லைகளும்) நீளங்களும் தமிழில் எழுதிய தாள் வேண்டும்.

தாளின் அளவையும் இங்கேயே கணக்குப் போடுங்கள். ஏ3 தாள் 420க்கு 297 மில்லிமீட்டர். 1:500 அளவுத்திட்டத்தில், ஓரமும் தலைப்புக் கட்டமும் போக, ஏறக்குறைய 180 மீட்டருக்கு 130 மீட்டர் நிலம் அதில் அடங்கும். சதுரமான 3 ஏக்கருக்குப் பக்கம் 110 மீட்டர்தான், தாராளமாக உட்காரும். 10 ஏக்கருக்குப் பக்கம் 200 மீட்டரைத் தாண்டும் என்றாலும் 1:1000-க்குப் போனால் அதே ஏ3 போதும். ஆகவே தனியாளுக்கு ஏ3 பிரிண்டர் ஒன்று போதும், பெரிய தாளில் அச்சிடும் பிளாட்டர் தேவையில்லை. ஏ1, ஏ0 வேண்டும்போது டவுனில் பிளாட்டர் வைத்திருக்கும் கடையில் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. எல்லையைச் சட்டப்படி நிர்ணயிப்பது, 1923-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்கீழ் அரசு நில அளவைத் துறைதான். நாம் தரும் வரைபடம் துணை ஆவணம். இன்றோ பத்து வருடம் கழித்தோ யாரோ ஒருவர் அதை எஃப்எம்பி (அரசின் புல வரைபடம்) மேல் வைத்துப் பார்க்கப்போகிறார். அப்போது ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று காட்டத் தெரிய வேண்டும். மென்பொருள் தேர்வில் இனி நான் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

படி 2: கருவியிலிருந்து கணினிக்கு

புதிய கருவிகள் பென் டிரைவிலோ எஸ்டி கார்டிலோ ப்ளூடூத்திலோ டேட்டாவைக் கொடுத்துவிடும். பல கருவிகள் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவை மட்டுமே படிக்கும். 8 ஜிபியோ 16 ஜிபியோ சிறியதாக இரண்டு வாங்கிப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

பழைய டோட்டல் ஸ்டேஷனை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்குத்தான் தலைவலி. அதன் கேபிள் சீரியல் போர்ட்டுக்கானது, இன்றைய லேப்டாப்பில் அந்தப் போர்ட் கிடையாது. யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அதற்குள் இருக்கும் சிப்தான் முக்கியம். எஃப்டிடிஐ சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மலிவான கேபிள்களில் புரோலிஃபிக் சிப்பின் போலிகளும், உற்பத்தி நிறுத்தப்பட்ட பழைய சிப்புகளும் ஏராளம். விண்டோஸ் 11-இன் டிரைவர் அவற்றை அடையாளம் கண்டு ஓட மறுத்துவிடும். கருவியில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எந்தக் கருவியானாலும் கடைசியில் கிடைப்பது ஒரு சிஎஸ்வி கோப்பு: புள்ளி எண், நார்த்திங் (வடக்கு நோக்கிய தூரம்), ஈஸ்ட்டிங் (கிழக்கு நோக்கிய தூரம்), உயரம், குறிப்பு. கேட் மென்பொருளில் எக்ஸ் என்பது ஈஸ்ட்டிங், ஒய் என்பது நார்த்திங். வரிசை மாறி உள்ளே போனால் நிலம் இடவலம் புரண்டுவிடும். இதில் ஆபத்து என்னவென்றால், பக்க நீளங்கள் மாறாது, பரப்பளவும் மாறாது. அட்டவணையைச் சரிபார்ப்பவர் கண்ணில் எதுவும் படாது. யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் சொல்லும் ஆயத்தொலைவு முறை) எண்களில் வட தமிழ்நாட்டிலும் நடுப்பகுதியிலும் நார்த்திங் 7 இலக்கம், ஈஸ்ட்டிங் 6 இலக்கம் என்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் நார்த்திங்கும் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கி 6 இலக்கமாகிவிடும். அங்கே வேலை செய்கிறவர்கள் ரோட்டையோ கிணற்றையோ வைத்துத் திசையை ஒருமுறை உறுதி செய்துகொண்டுதான் கோடு போட வேண்டும்.

படி 3: ரோவர் எண்ணும் தரையில் அளந்த எண்ணும்

ரோவர் வைத்திருப்பவர்கள் மென்பொருள் வாங்குமுன் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். டோட்டல் ஸ்டேஷன் மட்டும் வைத்திருப்பவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

தமிழ்நாடு இரண்டு யூடிஎம் மண்டலங்களில் கிடக்கிறது. கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகைக்கு மேற்கே 43, கிழக்கே 44. கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி 43-இல் வரும். மதுரை, சேலம், திருச்சி, சென்னை 44-இல் வரும். திண்டுக்கல் மாவட்டத்தைக் கோடு நடுவில் வெட்டுகிறது. ஓசூர் 43-இல் இருக்கிறது, அதே மாவட்டத்தின் கிருஷ்ணகிரி நகரம் 44-இல். மண்டலத்தைத் தவறாகக் கொடுத்தால் கேஎம்எல் கோப்பு நிலத்தை எங்கோ கொண்டுபோய் வைக்கும். அது உடனே தெரிந்துவிடும் தவறு, அதனால் கவலையில்லை.

தெரியாமல் நடக்கும் தவறு வேறு. யூடிஎம் கட்டத்தில் வரும் தூரமும் தரையில் டேப் பிடித்து அளக்கும் தூரமும் ஒன்றல்ல. மண்டலத்தின் நடுக்கோட்டில் கட்டத் தூரம் தரைத் தூரத்தில் 0.9996 மடங்கு. நடுவிலிருந்து விலக விலக அது கூடிக்கொண்டே போகும். சென்னை நடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அங்கே 1 கிலோமீட்டருக்குச் சுமார் 32 செ.மீ. குறைவாகக் காட்டும். கோயம்புத்தூரில் கூடுதலை உயரத்தால் வரும் குறைவு ஓரளவு ஈடுகட்டி, 1 கிலோமீட்டருக்கு 10 செ.மீ. அளவில்தான் வித்தியாசம். மதுரை மண்டலத்தின் ஓரத்தில் இருப்பதால் 1 கிலோமீட்டருக்குச் சுமார் 80 செ.மீ. அதிகமாகக் காட்டும். 200 மீட்டர் பக்கம் உள்ள தோட்டத்தில் இது 16 செ.மீ. வேலித் தகராறுக்கு அது போதும். பரப்பளவில் 10 ஏக்கருக்கு ஒன்றரை செண்டுக்கு மேல் கூடிவரும். எஃப்எம்பியில் இருப்பது தரையில் அளந்த நீளம். அதன் மேல் ரோவர் புள்ளிகளை அப்படியே போட்டு, பக்கத்துத் தோட்டக்காரர் உள்ளே வந்துவிட்டார் என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது மனது பதைக்கிறது.

தீர்வு கடினமல்ல. ரோவரின் ஆப்பில் தளத்தின் நடுவையே நடுக்கோடாகக் கொண்டு, மடங்கு 1 என்று வைத்துத் தனி புரொஜெக்ஷன் அமைக்கலாம். அல்லது ரோவரால் இரண்டு புள்ளிகள் மட்டும் எடுத்து, மீதியை டோட்டல் ஸ்டேஷனில் மடங்கு 1 என்று வைத்து அளக்கலாம். எப்படிச் செய்தாலும், வரைபடத்தின் ஓரத்தில் "தூரங்கள் தரைத் தூரங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். மென்பொருள் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஆயத்தொலைவு முறையைக் கோப்போடு சேர்த்து வைக்குமா, கட்டத் தூரத்திலிருந்து தரைத் தூரத்துக்கு மாற்றித் தருமா? பதில் தெரியாமல் விழித்தால், அவருக்குக் கேட் தெரியும், சர்வே தெரியாது என்று புரிந்துகொள்ளுங்கள்.

உயரத்திலும் இதே கவனம் வேண்டும். ரோவர் முதலில் கொடுப்பது நீள்கோள உயரம் (பூமியின் கணித வடிவத்திலிருந்து எடுத்த உயரம்). நம் பக்கத்தில் அது கடல்மட்ட உயரத்தைவிட 90 மீட்டரை ஒட்டிக் குறைவாக வரும். கடலோர ஊர்களில் மைனஸில் காட்டுவது அதனால்தான். அதைக் கடல்மட்ட உயரமாக மாற்றித் தரும் ஜியாய்டு மாதிரியை ரோவர் ஆப்பில் ஏற்றுங்கள், அல்லது உயரம் தெரிந்த பெஞ்ச்மார்க்கில் கட்டுங்கள். வடிகால் வேலைக்கு ஆட்டோ லெவல் போட்டுச் சரிபார்ப்பது இன்றும் அவசியம்.

படி 4: மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

கேட் மென்பொருளில் நமக்குக் கட்டாயமாக வேண்டியவை சில. சிஎஸ்வியிலிருந்து புள்ளிகளை எண், உயரம், குறிப்போடு உள்ளே எடுக்க வேண்டும். மூடிய பாலிலைனின் (ஒரே தொடராக வரைந்த கோட்டின்) பரப்பளவைச் சதுர மீட்டர், சதுர அடி, செண்ட், ஹெக்டேர் என்று எழுத வேண்டும். அளவுத்திட்டப்படி ஷீட் அமைக்க வேண்டும். லிஸ்ப் (அடிக்கடி செய்யும் வேலைக்கு எழுதி வைக்கும் சிறு நிரல்) ஓட வேண்டும். மற்றவர்கள் கொடுக்கும் டிடபிள்யூஜியைச் சேதமில்லாமல் திறந்து, அதே வடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். 3டி, ரெண்டரிங், பிம் போன்றவை விற்பவரின் பேச்சில்தான் பெரிதாக வரும்.

ஆட்டோகேட். எல்லோருக்கும் தெரிந்தது, சந்தேகம் வந்தால் கேட்க ஆள் உண்டு. 2016-இலிருந்து நிரந்தர உரிமம் விற்பதில்லை, சந்தா மட்டும்தான். சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைத்து உரிமத்தைச் சரிபார்க்க விட வேண்டும். இதன் சிறிய பதிப்பான எல்டியில் முன்பு லிஸ்ப் ஓடாது, அதனால் சர்வேயர்கள் அதைத் தொடவில்லை. எல்டி 2024-இலிருந்து லிஸ்ப் வந்துவிட்டது. பிரபல நிறுவனத்தின் மென்பொருள்தான் வேண்டும் என்பவருக்கு இப்போது எல்டியே போதும்.

ஆட்டோகேடைப் போன்றவை. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட் ஆகியவை டிடபிள்யூஜியை நேரடியாகத் திறக்கும். கட்டளைகள் பெரும்பாலும் அதே பெயரில் இருக்கும், எழுதி வைத்த லிஸ்ப்களும் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஒருமுறை பணம் கட்டி வைத்துக்கொள்ளும் உரிமம் இவற்றில் உண்டு. தனியாளுக்கு என் பரிந்துரை இந்த வகைதான். ஆடி, ஐப்பசி மழை, தேர்தல் என்று வேலை வராத மாதங்கள் நம் தொழிலில் வந்துகொண்டேதான் இருக்கும். அந்த மாதங்களிலும் பழைய வரைபடத்தைத் திறந்து ஒரு நகல் கொடுக்க முடிய வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது ஐந்தாண்டுக் கணக்காகப் போடுங்கள். சந்தா என்றால் ஓராண்டுத் தொகையை ஐந்தால் பெருக்குங்கள். நிரந்தர உரிமம் என்றால் முதல் தொகையோடு இடையில் ஒரே ஒரு அப்கிரேடைச் சேருங்கள். பிறகு அந்தத் தொகையை, ஒரு சாதாரண எல்லை அளவைக்கு வாங்கும் கூலியால் வகுத்துப் பாருங்கள். எத்தனை வேலை மென்பொருளுக்கே போகிறது என்று தெரியும்போது முடிவு தானாக வரும்.

சர்வேக்கென்றே செய்தவை. கார்ல்சன் சர்வே, சிவில் 3டி, இந்தியாவில் உருவான இசர்வே கேட் போன்றவை. டிராவர்ஸ் (சுற்றி அளந்து தொடங்கிய புள்ளிக்கே வந்து மூடும் அளவை) சரிசெய்தல், காண்டூர், குறுக்குவெட்டு, மண் அளவு எல்லாம் உள்ளேயே இருக்கும். மாதந்தோறும் ரோடு, ஏரி, லேஅவுட் லெவல் வேலை வருகிறவருக்கு இவை பணத்தை மீட்டுத் தரும். எப்போதாவது ஒரு காண்டூர் என்றால் தேவையில்லை. சிவில் 3டி தனியாளுக்குப் பெரும்பாலும் மிகை. கற்கவே மாதங்கள் ஆகும், கணினியும் கனமாக வேண்டும்.

கியூஜிஐஎஸ். நில வரைபடங்களைக் கையாளும் மென்பொருள். இலவசம், கட்டாயம் நிறுவுங்கள். கேடுக்கு மாற்றாக அல்ல, துணையாக. மண்டலம் மாற்ற, கேஎம்எல் எடுக்க, செயற்கைக்கோள் படத்தின் மேல் நிலத்தை வைத்துப் பார்க்க இதைவிட நல்லது இல்லை. இது பரப்பளவை இரண்டு விதமாகத் தரும்: கட்டத்தில் தட்டையாக ஒன்று, பூமியின் வளைவைக் கணக்கிட்டு எலிப்சாய்டல் முறையில் ஒன்று. மதுரைப் பக்கத்து 10 ஏக்கர் நிலம் ஒன்றை இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன ஒன்றரை செண்ட் கண்ணெதிரே நிற்கும். இதன் தம்பியான கியூஃபீல்டு ஆப்பைப் போனில் போட்டால் வயலில் நின்றே வரைபடத்தின் மேல் நடக்கலாம். லிப்ரேகேட்டும் இலவசம்தான், ஆனால் டிடபிள்யூஜியாகச் சேமிக்காது, டிஎக்ஸ்எஃப் மட்டும்தான். என்ஜினியர்களோடு பரிமாற்றம் இருக்கிறவருக்கு அது தாங்காது.

திருட்டு மென்பொருள் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மாணவர் உரிமத்தை வைத்துச் சம்பாதிப்பதும் உரிமத்துக்குப் புறம்பானதே. சட்டம் ஒருபுறம் இருக்க, கிராக்கோடு வரும் வைரஸ் நம் வேலையையே தின்னும். டிராயிங் ஃபோல்டரில் நீங்கள் வைக்காத "ஏகேட்டாக்" (acaddoc.lsp) என்ற பெயரில் ஒரு லிஸ்ப் கோப்பு கிடந்தால் உடனே நீக்குங்கள். டிராயிங்கைத் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடி அடுத்த ஃபோல்டருக்குத் தாவும் வைரஸ்கள் அந்தப் பெயரில்தான் உலவுகின்றன. நண்பர் பென் டிரைவில் கொடுத்த ஃபோல்டரிலும் அது இருக்கும்.

பணம் கட்டுமுன் சோதனைப் பதிப்பை இறக்கி, ஏற்கெனவே முடித்த ஒரு வேலையை முழுவதுமாக அதில் மறுபடி செய்யுங்கள். எஃப்எம்பியும் உட்பிரிவும் உள்ள, கொஞ்சம் சிக்கலான வேலையாக எடுங்கள். அரசின் இணையதளத்தில் எடுத்த எஃப்எம்பி பிடிஎஃப்பை உள்ளே கொண்டுவந்து பாருங்கள். பிடிஎஃப்புக்குள் கோடாக இருந்தால் கோடாகவே வரும், படமாக இருந்தால் படமாக வரும். எப்படி வந்தாலும் அதை இழுத்துப் பொருத்தி அதன் மேலேயே வரையாதீர்கள். இழுத்துப் பொருத்தியதும் அளவுத்திட்டம் நம் விருப்பத்துக்கு வளைந்துவிடும். தாளில் எழுதியுள்ள ஜி லைன், எஃப் லைன் என்ற அளவைக் கோடுகளின் நீளங்களை வைத்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டி, ஆஃப்செட்களை (கோட்டிலிருந்து எடுத்த செங்குத்துத் தூரங்களை) போட்டு, எஃப்எம்பியைத் தனி லேயரில் புதிதாக வரையுங்கள். பழைய தாள் லிங்க்ஸில் இருந்தால் ஒரு லிங்க் 0.66 அடி, அதாவது 20.12 செ.மீ. இந்த வேலை சோதனை மென்பொருளில் எத்தனை தட்டலில் முடிகிறது என்று பாருங்கள். தினமும் செய்யப்போவது இதைத்தான்.

பரப்பளவு எழுதுவதையும் சோதியுங்கள். பட்டாவில் 0.40.50 ஹெக்டேர் என்று இருந்தால் அது 4,050 சதுர மீட்டர், 100.08 செண்ட். ஒரு செண்ட் 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர். பரப்பளவு எழுத்து பாலிலைனோடு இணைந்திருக்க வேண்டும், எல்லையை நகர்த்தினால் செண்ட்டும் தானாக மாற வேண்டும். கையால் தட்டிய பரப்பளவு, மூன்றாவது திருத்தத்தில் பழைய எண்ணாகவே நிற்கும். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிக்குள் சண்டையை மூட்டிவிட அது ஒன்றே போதும்.

யூடிஎம் எண்ணில் வரையும்போது ஹேட்ச் (கோடிட்டு நிரப்பிய பகுதி) உடைவதும் கோடு நடுங்குவதும் சில மென்பொருளில் உண்டு. எண்கள் லட்சக்கணக்கில் இருப்பதுதான் காரணம். அதற்காக வரைபடத்தை மூலைக்கு நகர்த்திவிடாதீர்கள், ஆயத்தொலைவு போய்விடும். யூசிஎஸ் (நாமே வைத்துக்கொள்ளும் ஆயத்தொலைவு அச்சு) வைத்துச் சமாளிக்க முடிகிறதா பாருங்கள். கடைசியாக, டிடபிள்யூஜியை 2018 வடிவில் ஒன்றும் 2013 வடிவில் ஒன்றும் சேமித்து, தெரிந்த என்ஜினியருக்கு அனுப்பி, அவர் திறந்து சேமித்துத் திருப்பி அனுப்பியதைப் பாருங்கள். புள்ளி எண்கள், பரிமாண எழுத்துகள், தமிழ் எழுத்து மூன்றும் அப்படியே இருந்தால் உரிமத்துக்குப் பணம் கட்டலாம்.

படி 5: வரைபடத்தில் தமிழ்

கேட் மென்பொருளோடு வரும் எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் வராது. விண்டோஸில் உள்ள நிர்மலா, லதா போன்ற யூனிகோட் எழுத்துருவைத் தமிழுக்கென்று தனி டெக்ஸ்ட் ஸ்டைலாக வையுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விட்டுவிடுங்கள். வேறொருவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் நிலத்துக்காரர் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும்.

திரையில் சரியாகத் தெரிவது பிடிஎஃப்பில் உடையலாம். "தெற்கு" என்று எழுதி, பிடிஎஃப் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய் நின்றால் அந்த மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. "மேற்கு", "கொடிக்கால்", "க்ஷ" மூன்றையும் சேர்த்துச் சோதித்தால் முழுமையாகத் தெரிந்துவிடும்.

படி 6: இப்போது கணினி

கேட் மென்பொருள்கள் பெரும்பாலான வேலையை ஒரே கோரில் செய்கின்றன. ஆகவே நிறைய கோர் உள்ள சிப்பைவிட, ஒரு கோரின் வேகம் அதிகமுள்ள சிப் நமக்கு நல்லது. அண்மைத் தலைமுறை ஐ5 அல்லது ரைசன் 5 போதும். ரேம் 16 ஜிபி. பிறகு 32 ஆக்க ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள், சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும். 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. 2டி வரைபடத்துக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை, அந்தப் பணத்தை மானிட்டரில் போடுங்கள்.

இரண்டு வகைக் கணினியைத் தவிருங்கள். ஸ்னாப்டிராகன் போன்ற ஏஆர்எம் சிப் லேப்டாப்கள் பேட்டரி நன்றாக நிற்கும், ஆனால் ஆட்டோகேட் அவற்றை ஆதரிப்பதில்லை, கருவிகளின் பழைய டிரைவர்களும் சிரமம். மேக்கிலும் சிவில் 3டி கிடையாது, கருவி நிறுவனங்களின் டவுன்லோடு மென்பொருள்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்குத்தான்.

கையிருப்பு குறைவென்றால் ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கத் தயங்காதீர்கள். அலுவலகங்களில் ஓடி வரும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் உறுதியானவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். விலை மலிவு என்று 6-ஆம், 7-ஆம் தலைமுறையைத் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள்.

லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்றால், தனியாளுக்கு ஒரு லேப்டாப்பும், மேசையில் ஒரு பெரிய மானிட்டரும், தனி கீபோர்டும். இந்தக் கூட்டணிதான் என் தேர்வு. வெளியூர் வேலைக்குப் போனால் இரவு லாட்ஜிலேயே புள்ளிகளை இறக்கி, டிராவர்ஸ் மூடுகிறதா என்று பார்த்துவிடலாம். மூடாவிட்டால் மறுநாள் காலை அங்கேயே திரும்ப அளக்கலாம், ஊருக்கு வந்தபின் தெரிந்தால் ஒரு நாள் கூலியும் பெட்ரோலும் போகும். மானிட்டர் 24 அங்குலத்துக்குக் குறையாமல், முடிந்தால் 27 அங்குலம் கியூஎச்டி. கீபோர்டில் வலப்பக்க எண் பலகை கட்டாயம். 14 அங்குல லேப்டாப்களில் அது இருக்காது. ஒரு எஃப்எம்பியின் ஆஃப்செட்களை மேல்வரிசை எண்களில் தட்டிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

டிரோன் படங்களைக் கோத்து வரைபடமாக்கும் வேலை மட்டும் வேறு உலகம். அதற்கு என்விடியா கார்டும் 32 ஜிபிக்கு மேல் ரேமும் வேண்டும். மாதம் ஒன்றிரண்டு என்றால் அதைச் செய்துதரும் ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு வேலைக்காகக் கணினியின் விலையை இரட்டிப்பாக்காதீர்கள்.

படி 7: பிரிண்ட், கரண்ட், பேக்கப்

பிரிண்டர் இங்க் டேங்க் வகை ஏ3. ஜெராக்ஸ் கடைகளில் பிடிஎஃப்பை எப்போதும் "ஃபிட்" என்று வைத்துத்தான் எடுப்பார்கள், அளவுத்திட்டம் அங்கேயே சுருங்கிவிடும். ஆகவே 1:500 என்று எழுதுவதோடு நில்லாமல் அளவுப் பட்டை ஒன்றும் வரையுங்கள். தாள் சுருங்கினால் பட்டையும் சேர்ந்து சுருங்கும், ஸ்கேல் வைத்துப் பார்ப்பவர் ஏமாற மாட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் எண்கள் கரைந்து 3 எது 8 எது என்று தெரியாது.

டெஸ்க்டாப் வைத்திருந்தால் யூபிஎஸ் தனியாக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் கணினி அணைந்து எழும். ஆட்டோசேவை 10 நிமிடமோ அதற்கும் குறைவாகவோ வையுங்கள். கோப்பு கெட்டுப்போனால் அதே ஃபோல்டரில் இருக்கும் "பேக்" (.bak) கோப்பின் பெயர் முடிவை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறந்தால், முந்தைய சேமிப்பு கிடைக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர் வையுங்கள். பெயரை ஆண்டு, கிராமம், சர்வே எண் என்ற வரிசையில் வைத்தால் தேடுவது சுலபம். உள்ளே கருவியிலிருந்து வந்த மூலக் கோப்பு, எஃப்எம்பி, பத்திர நகல், டிராயிங், கொடுத்த பிடிஎஃப். மூலக் கோப்பை ரீட் ஒன்லி ஆக்கிவிடுங்கள், அதில் யாரும், நீங்களும்கூட, ஒரு எண்ணையும் திருத்தக்கூடாது. நான்கு வருடம் கழித்து வழக்கில் கூப்பிட்டால் அந்தக் கோப்புதான் உங்களுக்காகப் பேசும்.

நகல் மூன்று இருக்க வேண்டும்: கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. ஹார்டு டிஸ்க்கை லேப்டாப் பையிலேயே வைத்திருப்பவர்கள் பலர். பை தொலைந்தால் இரண்டும் போகும், அதை வீட்டு பீரோவில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பழைய வேலை ஒன்றை ஹார்டு டிஸ்க்கிலிருந்து மட்டும் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். எழுத்துரு கேட்கிறதா, இணைத்த படம் காணவில்லை என்கிறதா, மூலப் புள்ளிக் கோப்பு திறக்கிறதா என்று கவனியுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் அன்றே அந்த ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள்.